சிவப்பு சிலிண்டரும் ஒரு கையெழுத்தும்: மதுரை வட்டாரத்து ஹைட்ரஜன் கோப்பு ஒன்றின் ஆய்வு

கப்பலூர் தொழிற்பேட்டையில் வாயு சிலிண்டர் விற்கும் கடை ஒன்றின் பின்கட்டில் இந்தக் கோப்பு தொடங்கியது. கறுப்பு நிற ஆக்சிஜன் சிலிண்டர்கள் அங்கே வரிசை வரிசையாக நிற்கும். தள்ளி ஒரு மூலையில், சங்கிலி போட்டுக் கட்டி, நாலைந்து சிவப்பு சிலிண்டர்கள். அவை ஹைட்ரஜன். கடைக்கார அண்ணாச்சி அதன் வால்வைக் காட்டி, "இது இடமரை, இடப்பக்கம் திருகும் மரை, தம்பி. ஆக்சிஜன் ரெகுலேட்டரைத் தூக்கக் கலக்கத்தில்கூட இதில் மாட்ட முடியாது. மாட்டினால் கடை இருக்காது" என்றார். அவர் ஒரு சிலிண்டரைச் சாய்த்து, அதன் அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டு வந்து எடைமேடையில் ஏற்றினார். முள் 60 கிலோவை ஒட்டி நின்றது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஒரு தேங்காயின் எடை. மற்றதெல்லாம் இரும்பு.

ஹைட்ரஜன் உள்கட்டமைப்பு என்று அரசும் வங்கிகளும் நாளிதழ்களும் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த எடைமேடைதான் நினைவுக்கு வருகிறது.

சிறுதொழில் செய்பவர்களுக்கு வங்கிக் கடனுக்கான திட்ட அறிக்கை எழுதித் தருவது என் தொழில். அரிசி ஆலை, பிளாஸ்டிக் வார்ப்பு, கூரைமேல் சூரியத் தகடு என்று எழுதிப் பழகிய கைக்கு ஹைட்ரஜன் இதுவே முதல் முறை. மூன்று முறை எழுதினேன். மூன்றும் வேறுவேறு திட்டங்கள். சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் தொழிலில் இருப்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

எப்படித் தொடங்கியது

2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடியில் பிரதமர் கலந்துகொண்ட விழாவில், கொச்சி கப்பல் கட்டும் தளம் கட்டிய, ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடும் எரிபொருள் கலப் படகு தொடங்கி வைக்கப்பட்டது. வ.உ.சி. துறைமுகத்தைப் பசுமை ஹைட்ரஜன் (சூரிய, காற்றாலை மின்சாரத்தில் எடுப்பது) மையமாக்கும் அறிவிப்பும் அதே விழாவில் வந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் மத்திய அரசு, லாரிகளையும் பஸ்களையும் ஹைட்ரஜனில் ஓட்டிப் பார்க்கும் முன்னோடித் திட்டங்களுக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டிருந்தது. ஒதுக்கீடு 496 கோடி ரூபாய்.

செய்தியைப் படித்த நான்கு பேர் அண்ணாச்சியின் கடையில் கூடினார்கள். மதுரையிலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்கு ஏற்றுமதிச் சரக்கு ஏற்றும் ஆறு லாரிகளின் உரிமையாளர் ஒருவர். அருப்புக்கோட்டைக்கு அந்தப் பக்கம் கரிசல் காட்டில் சூரிய மின்நிலையம் வைத்திருப்பவர் ஒருவர். பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர். நான்காவது அண்ணாச்சி. லாரிக்காரருக்கு டீசல் செலவு குறைய வேண்டும், சூரிய மின்நிலையக்காரருக்கு நல்ல விலையில் மின்சாரம் விற்க வேண்டும், பேராசிரியருக்கு ஆய்வுக்கு ஒரு களம் வேண்டும். அண்ணாச்சிக்கு என்ன வேண்டும் என்று அன்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அது என் தவறு. பின்னால் விளங்கியது.

முதல் திட்டம் கேட்க அழகாக இருந்தது. நான்குவழிச் சாலையோரம் ஓர் இடம், சூரிய மின்சாரத்தில் தண்ணீரைப் பகுக்கும் எலக்ட்ரோலைசர், 350 பார் அழுத்தத்துக்கு ஏற்றும் கம்ப்ரசர், லாரிகளுக்கு நிரப்பும் குழாய். போய்வர 280 கிலோமீட்டர்.

கணக்கு

முதலில் தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. மதுரையில் எந்தத் திட்டத்தைச் சொன்னாலும் முதல் கேள்வி தண்ணீர். வைகை மணலைப் பார்த்து வளர்ந்தவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்குப்படி 9 லிட்டர் தண்ணீர். சுத்திகரிப்பில் கழிவதையும் சேர்த்து 20 லிட்டர் என்று தாராளமாகவே வைத்தோம். ஒரு நாளைக்கு 150 கிலோ வாயு எடுத்தாலும் 3,000 லிட்டர்தான். தெருவுக்கு வரும் தண்ணீர் லாரியில் பாதி. ஆயிரக்கணக்கான டன் எடுக்க நினைக்கும் தூத்துக்குடிக்குக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வேண்டியிருக்கும், நம் கோப்புக்கு அது தேவையில்லை. கூட்டத்தில் பாதி நேரம் தண்ணீரைப் பற்றியே போனது.

தலைவலி மின்சாரத்தில் இருந்தது. கனரக ஹைட்ரஜன் லாரிக்கு 100 கிலோமீட்டருக்கு 9 கிலோ என்று கொண்டால் ஒரு நடைக்கு 25 கிலோ, ஆறு லாரிக்கு 150 கிலோ. ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க எலக்ட்ரோலைசருக்கு 55 யூனிட், அழுத்தி ஏற்ற இன்னும் 4 யூனிட். ஆக நாளொன்றுக்கு 8,850 யூனிட். உயரழுத்தத் தொழிற்சாலைக் கட்டணம் யூனிட்டுக்கு 7 ரூபாயைத் தாண்டிவிட்டது. நான் 7 என்றே போட்டேன். ஒரு நாளைக்கு 61,950 ரூபாய். அதே ஆறு லாரிகள் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடினால் குடிப்பது 420 லிட்டர் டீசல். லிட்டர் 93 ரூபாய் என்று வைத்தால் 39,060.

லாரிக்காரர் தாளை வாங்கி ஒரு தடவை பார்த்தார். "சார், கரண்டு பில் மட்டுமே டீசலைவிட இருபத்து மூவாயிரம் கூடுதல். இன்னும் மிஷின் வாங்கவில்லை" என்றார். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர். அன்று அந்த அறையில் கோப்பை ஒழுங்காகப் படித்தவர் அவர் ஒருவர்தான்.

சூரிய மின்நிலையக்காரர், தன் மின்சாரத்தை மின்வாரியக் கம்பி வழியாகக் கொண்டுவந்து சேர்த்தாலும் எல்லாக் கட்டணமும் உட்பட யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசில் முடித்துத் தருவதாகச் சொன்னார். அப்போது நாளுக்கு 39,825. டீசலோடு ஏறக்குறையச் சரிக்குச் சரி. எல்லோர் முகத்திலும் வெளிச்சம். நான் அடுத்த பக்கத்தைத் திருப்ப வேண்டியதாயிற்று.

150 கிலோ வாயுவை 24 மணி நேரமும் நிதானமாக எடுத்தால் சுமார் 350 கிலோவாட் எலக்ட்ரோலைசர் போதும். சூரியனை மட்டும் நம்பினால் காலை பத்து மணியிலிருந்து மாலை மூன்று மணிக்குள் முக்கால்வாசியைப் பிடித்தாக வேண்டும். நம் பக்கத்தில் ஒரு மெகாவாட் சூரிய நிலையம் ஆண்டுச் சராசரியில் நாளுக்கு 4,300 யூனிட் போலத் தரும். ஆகவே இரண்டு மெகாவாட் சூரிய நிலையம், அதன் உச்சத்தை விழுங்க இரண்டு மெகாவாட் எலக்ட்ரோலைசர். அதே 150 கிலோவுக்கு ஆறு மடங்கு பெரிய இயந்திரம், அதுவும் இரவெல்லாம் சும்மா கிடக்கும். கல்யாண வீட்டுக்கு வாங்கிய அண்டாவில் தினமும் ஒரு ஆழாக்கு அரிசி பொங்குவது போல. மலிவான மின்சாரம் வேண்டுமானால் பெரிய இயந்திரம். சிறிய இயந்திரம் போதுமென்றால் விலையுயர்ந்த மின்சாரம், அதிலும் உச்ச நேரத்தில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம். இரண்டுக்கும் நடுவில் காற்றாலை மின்சாரத்தைக் கலக்கலாம். ஆனால் ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் ஊரில் மார்கழியில் காற்றாலை அசையாது. லாரிக்கு மார்கழியிலும் சரக்கு உண்டு.

ஒரு வேடிக்கையையும் இங்கே சொல்ல வேண்டும். பசுமை ஹைட்ரஜன் ஆலைகளுக்கு மத்திய அரசு தந்த பெரிய சலுகைகளில் ஒன்று, கம்பி வழியாக மின்சாரம் கொண்டுவரும் மின்தொடர்க் கட்டண விலக்கு, 25 ஆண்டுகளுக்கு. அது மாநிலங்களுக்கிடையிலான மின்தொடருக்கு உரியது. ராஜஸ்தான் பாலைவனத்து வெயிலை மதுரைக்குக் கொண்டுவந்தால் விலக்கு. அருப்புக்கோட்டை வெயிலுக்கு மாநிலக் கம்பியின் வாடகை.

தட்டிய கதவுகள்

தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு 2023 ஜனவரி 4 அன்று அமைச்சரவை ஒப்புதல் கிடைத்தது. மொத்தம் 19,744 கோடி ரூபாய். அதில் 17,490 கோடி எலக்ட்ரோலைசர் உற்பத்திக்கும் ஹைட்ரஜன் உற்பத்திக்குமான ஊக்கத்தொகை. உற்பத்தி செய்பவருக்குக் கிலோவுக்கு முதல் ஆண்டு அதிகபட்சம் 50 ரூபாய், இரண்டாம் ஆண்டு 40, மூன்றாம் ஆண்டு 30. எங்களுக்கு 50 ரூபாய் கிடைத்தால் நாளுக்கு 7,500. பெரிய உதவிதான். ஆனால் முதல் சுற்று ஏலத்தில் மின்பகுப்பு வழியில் எடுப்பவர் குறைந்தது ஆண்டுக்கு 10,000 டன்னுக்குக் கேட்க வேண்டும். எங்கள் 150 கிலோவை ஆண்டு முழுக்கக் கூட்டினாலும் 50 டன்னைச் சற்றுத் தாண்டும். கதவு இருநூறு மடங்கு உயரத்தில் இருந்தது.

அடுத்தது அந்த வாகன முன்னோடித் திட்டம். 2025 மார்ச் 3 அன்று முடிவு வந்தது. நாடு முழுவதும் ஐந்து திட்டங்கள், 37 வண்டிகள், 9 நிரப்பு நிலையங்கள், சுமார் 208 கோடி ரூபாய் உதவி. பாதைகளின் பட்டியலில் புவனேஸ்வர்–கோனார்க்–பூரி இருந்தது, ஜாம்ஷெட்பூர்–கலிங்கா நகர் இருந்தது, பக்கத்தில் திருவனந்தபுரம்–கொச்சி இருந்தது. தமிழ்நாட்டுச் சாலை ஒன்றுகூட இல்லை. பெற்றவர்கள் டாடா மோட்டார்ஸ், ரிலையன்ஸ், என்.டி.பி.சி., அசோக் லேலண்ட், எண்ணெய் நிறுவனங்கள் என்ற வரிசை. 208 கோடியை 37 வண்டிக்கு வகுத்தால், நிரப்பு நிலையத்தின் பங்கையும் சேர்த்து, வண்டிக்கு ஐந்தரைக் கோடிக்கு மேல். லாரிக்காரர் தன் ஆறு லாரிகளையும் விற்றால்கூட அதில் பாதியைத் தொட மாட்டார். நாங்கள் விண்ணப்பிக்கவே இல்லை. விண்ணப்பிக்கும் நிலையிலும் இல்லை. வண்டி செய்பவரும் எரிபொருள் விற்பவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால்தான் அந்தத் திட்டம் நகரும். நான்கு உள்ளூர்க்காரர்களால் அந்த மேசையைக் கூட்ட முடியவில்லை.

லாரிக்காரர் அதோடு விலகினார். கோபம் ஒன்றும் இல்லை. "கப்பலில் ஏறட்டும், பிறகு என் லாரிக்கு வரட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாம் வரைவைப் பேராசிரியர் சொல்ல நான் எழுதினேன். ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு 143 கிலோமீட்டர் இயற்கை எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. எண்ணூரிலிருந்து தொடங்கும் அந்தக் குழாய்த் திட்டத்தின் நீண்ட பெயரில் மதுரையும் உண்டு. அதில் ஹைட்ரஜனைக் கலந்தால் என்ன? இந்தூரில் கெயில் நிறுவனம் 2022 முதல் நகர எரிவாயுவில் கலந்து பார்த்திருக்கிறது, குஜராத்தின் கவாஸில் என்.டி.பி.சி. வீட்டு அடுப்புக்கே கலந்து கொடுத்திருக்கிறது. தொழில்நுட்பம் சரி. ஆனால் கன அளவில் 20 சதவீதம் கலந்தாலும் வெப்ப ஆற்றலில் 7 சதவீதம்தான் ஹைட்ரஜன் தரும். விலையுயர்ந்த வாயுவை மலிவான வாயுவில் கரைத்து மலிவான விலைக்கு விற்பது வியாபாரம் ஆகாது. அந்த வரைவு பத்துப் பக்கத்தோடு நின்றது.

வங்கியில்

இதற்கிடையே ஒரு வங்கிக் கிளையில் மேலாளரைப் பார்த்தோம். பசுமை என்றதும் எழுந்து நின்று வரவேற்கிற காலம் இது. அவரும் அன்பாகவே பேசினார். மூன்று கேள்விகள் கேட்டார். இடத்தின் பட்டா யார் பெயரில்? இருந்தது. மின்சாரம் எந்த ஒப்பந்தத்தில்? வரைவு இருந்தது. வாயுவை யார் வாங்குகிறார்கள், எத்தனை ஆண்டுக்கு, என்ன விலைக்கு?

நாங்கள் பேராசிரியரைப் பார்த்தோம். அவர் சந்தை வளரும் என்ற அறிக்கைகளை எடுத்தார்.

மேலாளர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "சார், சூரியத் தகட்டை நாளைக்கு ஏலம் விட்டால் என்ன விலை வரும் என்று எனக்குத் தெரியும். நெல் அறவை இயந்திரத்துக்கும் தெரியும். இதற்கு மறுவிற்பனை விலை என்ன? வாங்குபவர் ஒப்பந்தம் இருந்தால் இயந்திரத்தை நான் பார்க்கவே மாட்டேன். இல்லையென்றால் இயந்திரம்தான் என் பிணையம். அதற்கு விலையே தெரியவில்லையே."

அவர் மறுத்தது நியாயம் என்றே நினைக்கிறேன். ஹைட்ரஜனுக்குப் பணம் இல்லை என்ற புலம்பல் நம் பக்கத்தில் அடிக்கடி கேட்கிறது. பணமோ, வாயுவை வாங்குபவரின் கையெழுத்தைத் தேடி அலைகிறது. இதற்கு நல்ல சான்று, ஹைட்ரஜனிலிருந்து செய்யும் அம்மோனியா. 2025-இல் இந்திய சூரிய ஆற்றல் கழகம் 13 உர ஆலைகளுக்காக, ஆண்டுக்கு 7.24 லட்சம் டன் பசுமை அம்மோனியாவை ஏலத்தில் கேட்டது. பத்து ஆண்டு ஒப்பந்தம், நிலையான விலை, நடுவில் அரசுக் கழகம். முதல் ஏலத்தில் கிலோ 55 ரூபாய் 75 காசு, பிறகு 50 ரூபாய்க்கும் சற்றுக் கீழே. இயந்திரம் அதேதான், வெயில் அதேதான். எதிரே பத்து ஆண்டுக்கு வாங்க ஓர் ஆள் உட்கார்ந்ததும் விலை இறங்கிவிட்டது.

வெளிநாட்டிலும் இதே பாடம், கொஞ்சம் கசப்பாக. அமெரிக்கா 2023 அக்டோபரில் ஏழு வட்டார ஹைட்ரஜன் மையங்களுக்கு 700 கோடி டாலர் அறிவித்தது. இரண்டு ஆண்டு கழித்து ஆட்சி மாறியதும் கலிபோர்னியா மையத்துக்கும் பசிபிக் வடமேற்கு மையத்துக்கும் தருவதாகச் சொன்ன உதவியை நிறுத்தியது. ஐரோப்பாவின் ஹைட்ரஜன் வங்கி 2023-24-இல் நடத்திய முதல் ஏலம், உற்பத்தி செய்து சான்று காட்டிய கிலோவுக்கு மட்டும் பணம் தரும் முறை. நம் ஊர் பால் சங்கம் போல, ஊற்றிய பாலுக்குக் காசு. மாட்டுக்கொட்டகை கட்டியதற்கு இல்லை. வட்டாரத் திட்டங்களுக்கு இந்த முறையே ஏற்றது என்பது என் கட்சி.

பணம் கொடுப்பதைப் பற்றிப் பேசும்போது காரைக்குடியை விட்டுவிட மனமில்லை. மதுரையிலிருந்து 90 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். மின்சாரத்தால் தண்ணீரைப் பகுக்கும் கலையைத் தொழிலாகவே ஆராயும் இடம். 1948-இல் அடிக்கல், 1953-இல் திறப்பு. அதற்காக அழகப்பச் செட்டியார் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். அந்தப் பணத்துக்கு யாரும் கொள்முதல் ஒப்பந்தம் கேட்கவில்லை. அறிவுக்குக் கொடுக்கும் பணம் அப்படித்தான் இருக்க வேண்டும், ஆலைக்குக் கொடுக்கும் பணம் அப்படி இருக்க முடியாது. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கலந்து கேட்டதால்தான் பேராசிரியரும் நானும் அத்தனை இடத்தில் விழித்துக்கொண்டு நின்றோம்.

மூன்றாம் வரைவு

2025 செப்டம்பரில் வ.உ.சி. துறைமுகத்தில் முன்னோடி ஆலை திறக்கப்பட்டது. செலவு 3.87 கோடி ரூபாய். மணிக்கு 10 கன மீட்டர் ஹைட்ரஜன், துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குக்கும் மின்வாகன மின்னேற்றத்துக்கும். அடுத்த மாதமே கண்ட்லா, பாரதீப் ஆகிய துறைமுகங்களோடு தூத்துக்குடியும் பசுமை ஹைட்ரஜன் மையம் என்ற அங்கீகாரம் பெற்றது.

10 கன மீட்டர் என்பது எடையில் 900 கிராம். நாள் முழுக்க ஓடினால் 21 கிலோவுக்குச் சற்று மேல். எங்கள் முதல் திட்டத்து லாரியில் ஒன்று, மதுரை வந்து திரும்பும்போது தூத்துக்குடி சேர 40 கிலோமீட்டர் இருக்கையிலேயே நின்றுபோகும். அண்ணாச்சியிடம் இந்தக் கணக்கைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "இருபத்தொரு கிலோ என்றால் எத்தனை சிலிண்டர், தம்பி?" என்று கேட்டார்.

முப்பத்தைந்து.

அந்தக் கேள்வியில்தான் கோப்பு முதன்முறையாகக் காலூன்றியது. ஹைட்ரஜன் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. தூத்துக்குடி அனல் மின்நிலையத்தில் 210 மெகாவாட் மின்னாக்கிகள் ஐந்தும் ஹைட்ரஜனால் குளிர்விக்கப்படும் வகை, அவற்றில் முதல் அலகு 1979-இலேயே ஓடத் தொடங்கியது. ஸ்பிக் உர ஆலையின் அம்மோனியாவில் ஒவ்வொரு டன்னிலும் 176 கிலோ ஹைட்ரஜன் இருக்கிறது. மதுரையைச் சுற்றி உலோகத்தை வெப்பத்தில் பதப்படுத்தும் பட்டறைகளும் கல்லூரி ஆய்வகங்களும் சிவப்பு சிலிண்டர் வாங்குகின்றன. அண்ணாச்சிக்கு அது தொலைவிலிருந்து வருகிறது. அரைக் கிலோ வாயுவுக்காக அறுபது கிலோ இரும்பை ஏற்றி இறக்கி, காலி இரும்பைத் திருப்பி அனுப்பி, அந்தக் கூலியெல்லாம் வாயுவின் விலையில் ஏறுகிறது. கிலோக் கணக்கில் போட்டுப் பார்த்தால், லாரிக்காக நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்ட விலையைவிடப் பல மடங்கு. இங்கே பக்கத்திலேயே எடுத்தால் மானியம் இல்லாமலே போட்டி போடலாம்.

ஆனால் அளவு கொஞ்சம். விலை பொருந்தும் இடத்தில் வாங்குபவர்கள் சிலர். வாங்குபவர்கள் பலர் இருக்கும் லாரிச் சாலையில் விலை பொருந்தவில்லை. துறைமுக ஆலையின் 3.87 கோடியை வைத்து ஒரு குத்துமதிப்பு போட்டேன். 10 சதவீத வட்டியில், ஆண்டு முழுதும் நிற்காமல் ஓடினாலும், வட்டி மட்டும் கிலோவுக்கு 490 ரூபாய். (அந்தச் செலவில் விளக்குகளும் பிற வசதிகளும் சேர்ந்திருக்கும், ஆகவே நேர் ஒப்பீடு நியாயமில்லை. ஆனாலும் பயமுறுத்தும் எண்.) பாதித் திறனில் ஓடினால் அது 980 ஆகும். முப்பத்தைந்து சிலிண்டரும் தினமும் விற்றாக வேண்டும் என்பது இதிலிருந்தே தெரியும்.

ஆக மூன்றாம் வரைவில் இரண்டு பகுதி. எலக்ட்ரோலைசர் சிறியது, தனியார் கடன். கம்ப்ரசர், வெடிபொருள் பாதுகாப்புத் துறை உரிமத்துக்கு ஏற்ற இடைவெளி விட்ட நிலம், சிலிண்டர் சோதனைக் கூடம் ஆகியவை பொதுச் சொத்து, மானியம். தூத்துக்குடியில் நிஜமாகவே டன் கணக்கில் உற்பத்தி வந்துவிட்டால் எலக்ட்ரோலைசர் பயனற்றுப் போகலாம். அப்போது துறைமுகத்திலிருந்து நீள் உருளை லாரியில் வாயு வரும். அந்த லாரியும் நாற்பது டன் எடையில் முந்நூறு கிலோ போலத்தான் சுமக்கும். ஆனால் இறக்கி, அழுத்தி, நிரப்பிக் கொடுக்க அதே இடமும் அதே கம்ப்ரசரும் வேண்டும். உள்நாட்டு நகரம் ஒன்றுக்கு உள்கட்டமைப்பு என்றால் இதுதான் என்று அறிக்கையில் எழுதினேன். படகையும் துறைமுகத்தையும் படம் பிடிக்கலாம், கம்ப்ரசர் கொட்டகையைப் படம் பிடிக்க யாரும் வரமாட்டார்கள். அதனால் அதற்குத் திட்டமும் இல்லை.

மேலாளரிடம் போகுமுன் வாங்குபவர் கடிதம் வேண்டும். முதல் கடிதத்தை அண்ணாச்சியே தருவதாகச் சொன்னார். கடை லெட்டர்பேடில் மகனைக் கொண்டு எழுத வைத்தார். "இன்றைய விலைக்கு மிகாமல் இருந்தால் வாங்கிக்கொள்ளச் சம்மதம்" என்று ஒரே வரி.

"அண்ணாச்சி, மாதம் எத்தனை என்று வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்றும் வேண்டும்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேரேட்டை எடுத்துச் சிவப்பு சிலிண்டர் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே போனார். இரண்டு பட்டறைகள் போன வருடம் வாங்கியதில் பாதிதான் இந்த வருடம் வாங்கியிருந்தன. ஒரு கல்லூரி மூன்று மாதமாகப் பாக்கி. மகனிடமிருந்து கடிதத்தை வாங்கி, காலாண்டு என்று எழுதி அடித்து, ஒரு வருடம் என்று எழுதினார். எண்ணிக்கைக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார்.

அந்தக் கடிதம் இப்போது என் மேசையில் இருக்கிறது. பென்சில் எண்ணின் மேல் பேனாவை ஓட்ட இதுவரை இரண்டு முறை கப்பலூருக்குப் போய்வந்துவிட்டேன்.